என் மகளின் இன்னொரு அப்பா

அன்பான சகோதர சகோதரிகளே, சபையில் சாட்சி சொல்லும்படி எங்கள் பாஸ்டர் பல தடவை கேட்டும் நான் எழுந்து நிற்கவில்லை. பேசத் தொடங்கினால் நடுவில் அழுதுவிடுவேன் என்ற பயம். அதனால்தான் எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை மனதுக்குள் பூட்டிவைத்திருக்கவும் முடியவில்லை.

என் பெயர் செல்வராஜ். இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கேயே தேயிலைத் தொழிற்சாலையில், பச்சைக் கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை செய்தேன். அந்த வேலை பெரும்பாலும் இரவில்தான். என் மனைவி மார்த்தா உயிரோடு இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

மார்த்தாவுக்கு இருதய வருத்தம் இருந்தது. மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மருந்து குடித்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் கூடையோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் ஷெரினுக்கு அப்போது ஏழு வயது.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மார்த்தாவின் அக்கா ரோஸி மதினியும் அவருடைய கணவர் ஞானராஜ் அண்ணனும் மட்டும் தங்கினார்கள். அண்ணன் எனக்குச் சகலை. கொட்டகலையில் ஆசிரியராக இருக்கிறார். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மதினிதான் பேச்சை எடுத்தார்.

“தம்பி, நீங்க ராத்திரி வேலைக்குப் போயிட்டா புள்ள யாரோட படுக்கும்? கொஞ்ச நாளைக்கு நாங்க வச்சிக்கிறோம். அவ படிப்பும் கெடாது.”

நான் தலையாட்டினேன். வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நாள் என்றுதான் நானும் நம்பினேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் தனி ஆள். லயத்து வீடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டு முத்தையா தன் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது எனக்கு அப்படியே கேட்கும். பிள்ளைகள் தப்பாகச் சொல்வார்கள், அவர் அதட்டுவார், அவர் மனைவி சிரிப்பார். நான் வேலைக்குப் போவதற்காக ரொட்டியைப் பிய்த்துப் போட்டுத் தின்றுகொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். நல்ல மனிதர்கள் அவர்கள். ஆனாலும் அந்த நேரத்தில் அவர்கள் வாயை மூடினால் போதும் என்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறிக் கொட்டகலைக்குப் போவேன். ஆரம்பத்தில் நான் திரும்பும்போது ஷெரின் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவாள். எனக்கு நெஞ்சு வலிக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த அழுகை எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே போவேன். என் பிள்ளை எனக்காக அழுகிறாள், அவர்களுக்காக இல்லை.

பிறகு அழுகை நின்றது. கை காட்டுவாள். அதன் பிறகு வீட்டுக்குள் இருந்தபடியே “போயிட்டு வாங்கப்பா” என்பாள்.

ஒரு நாள் நானும் அண்ணனும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஷெரின் கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா, இந்தக் கணக்கு வருதில்லையே!”

“என்ன தங்கம்?” என்று கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அண்ணனின் நாற்காலிக் கையில் உட்கார்ந்தாள். எனக்குக் காது சூடானது. அதுவரை அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டுவந்தாள். எப்போது அதில் ‘பெரிய’ உதிர்ந்துபோனது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

“அப்பாகிட்ட காட்டும்மா,” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். “அப்பாக்கு இது தெரியாது,” என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் போனது.

அந்த வருடம் அவளுடைய பாடசாலையில் பரிசளிப்பு விழா வைத்தார்கள். பேச்சுப்போட்டியில் ஷெரினுக்கு முதலிடம். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். இரவு வேலையை முடித்துவிட்டு, குளித்து, மார்த்தா எடுத்துத் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியில் பஸ் பழுதாகி நின்றது. நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பெற்றோரும் மேடைக்கு வரும்படி ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையிலிருந்து மதினியும் அண்ணனும் எழுந்து போனார்கள். நடுவில் என் பிள்ளை. படம் பிடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, “தாய் தகப்பன் குடுத்து வச்சவங்க,” என்றார். நான் ஆமாம் என்றேன். ஷெரின் பார்ப்பதற்கு முன் வெளியே வந்து, கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பஸ் பழுதாகிவிட்டதால் வர முடியவில்லை என்று போனில் சொன்னேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

ஞானராஜ் அண்ணன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவர் குடிப்பதில்லை, சத்தம் போட்டுப் பேசுவதில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார். நான் புறப்படும்போது பஸ் தரிப்பிடம்வரை வருவார். அவரில் ஒரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவருடைய இருமலைக்கூட வெறுத்தேன்.

ஒரு ஞாயிறு நான் கிளம்பும்போது ஷெரின் வந்து சொன்னாள்.

“அப்பா, அடுத்த கெழம வராதீங்க. நாங்க நுவரெலியா போறோம்.”

நாங்க. அந்த வார்த்தையில் நான் இல்லை. நாம என்று சொல்லியிருந்தால் நானும் இருந்திருப்பேன். பிள்ளை யோசித்துப் பேசவில்லை, அவள் வாயில் தானாக வந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்த நாட்களில் நான் ஜெபிக்காமல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். ஆனால் முழங்காலில் நின்றால் வாயில் வருவது ஒன்றுதான். ஆண்டவரே, அவருக்கு வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், ஊரெல்லாம் வாத்தியார் என்று மரியாதை கொடுக்கிறது. எனக்கு இருந்தது ஒரு பிள்ளை. அதையும் ஏன் அவர் பக்கம் திருப்பினீர்? அவருக்குப் பிள்ளை இல்லையென்றால் அவருக்குக் கொடும், என்னுடையதை எடுத்துக் கொடுக்காதேயும்.

எங்கள் பாஸ்டரிடம் போய் எனக்காக ஜெபிக்கச் சொன்னேன். பிள்ளை திரும்பி வர வேண்டும் என்றேன்.

“ஷெரின் அங்க நல்லா இருக்காளா?” என்று அவர் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கா. அதுதான் பாஸ்டர் எனக்குத் தாங்கல.”

அவர் என்னைக் கண்டிக்கவில்லை.

“அத அப்படியே ஆண்டவர்கிட்ட சொல்லுங்க செல்வராஜ். ஒங்க ஜெபம் அழகா இருக்கணும்னு அவர் கேக்கல. பொறாமையா இருந்தா பொறாமையா இருக்குன்னே சொல்லுங்க. அவர் பயந்து ஓடிற மாட்டாரு.”

அன்றிலிருந்து அப்படியே சொன்னேன். பொறாமை போகவில்லை. ஆனால் அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. மார்த்தா போனதிலிருந்து அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க யாரும் இருந்ததில்லை.

இப்படி இருக்கும்போது எனக்குப் பகல் வேலை கிடைத்தது. பாக்கெட் போடும் பகுதியில் ஒருவர் நின்றுபோக, அந்த இடத்துக்கு என்னை மாற்றினார்கள். இது ஆண்டவர் திறந்த வாசல் என்று நினைத்தேன். இனி இரவில் நான் வீட்டில் இருப்பேன். அந்த ஞாயிறே கொட்டகலைக்குப் போய், உட்காராமலே சொன்னேன்.

“அண்ணே, லீவு விட்டதும் ஷெரின அனுப்பிடுங்க. ஜனவரியிலருந்து தோட்டத்து ஸ்கூல்ல சேத்துக்கிறேன்.”

மதினி எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணனின் முகம் வெளுத்தது.

“புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா தம்பி?”

“என் புள்ளைகிட்ட நான் கேக்கணுமா, ஒங்ககிட்ட கேக்கணுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒங்க புள்ளதான். சனிக்கெழம கொண்டாந்து விடுறேன்,” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பஸ் தரிப்பிடம்வரை அன்றும் வந்தார். நான் அவரோடு பேசவில்லை.

வீட்டின் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஒரு சின்னக் கட்டில் வாங்கினேன். பின்சுவரோடு ஒட்டிப் போட்டேன், முன்பக்கக் குளிர் அவள் மேல் படக் கூடாது என்று. பூப்போட்ட திரைச்சீலை தைத்து வாங்கினேன். அந்தப் பின்சுவருக்கு வெளியே மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானும், கானுக்கு மேலே செங்குத்தான மண்மேடும் இருந்தன. நான் பிறந்ததிலிருந்து அந்த மேடு அங்கேதான் நிற்கிறது. அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அந்தக் கிழமை மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை புதிதல்ல. ஆனால் இது விடுகிற மழையாக இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, புள்ளைக்குக் காய்ச்சலா இருக்கு. ரோட்டுலயும் மண்ணு விழுதுங்கிறாங்க. நாளைக்கு வர முடியாது போல. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“காய்ச்சலா, இல்ல அனுப்ப மனசில்லையா?”

அவர் என்னவோ சொல்ல வந்தார். நான் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது, போனும் வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஜெபம் நான் பண்ணியதில்லை. ஆண்டவரே, இன்றைக்கு என் பிள்ளை இந்த வீட்டில் இருக்க வேண்டும். அவர் எத்தனை சாக்குச் சொன்னாலும் நீர் அவளைக் கொண்டுவர வேண்டும். இன்றைக்கு அவள் வராவிட்டால் இனி உம்மிடம் எதையும் கேட்கமாட்டேன். கட்டிலில் அடித்து அடித்துச் சொன்னேன்.

காலை கொஞ்சம் ஏறியதும் முத்தையா வந்து கதவைத் தட்டினார்.

“செல்வராசு, பின்னால மேட்டுல வெடிப்பு கண்டிருக்குய்யா. கிராம சேவகர் எல்லாரையும் கோயிலுக்குப் போகச் சொல்லிட்டாரு. கெளம்பு கெளம்பு!”

“நீங்க போங்க. நான் வர்றேன்.”

லயத்தில் இருந்தவர்கள் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, தோட்டத்தின் மறுபக்கம் பாறை மேல் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஒருவேளை ஷெரின் வந்து, வீடு பூட்டியிருந்தால்? பார், உன் அப்பா வீட்டில் இல்லை, வா திரும்பிப் போவோம் என்று அவர் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? இதை எழுதும்போது என் புத்தி அன்றைக்கு எங்கே போனது என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. தலைக்கு மேலே மலை வெடித்து நிற்கிறது, நான் சகலையை ஜெயிப்பதைப் பற்றி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தியானம் ஆகும்போது மறுபடியும் கதவு தட்டும் சத்தம். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று ஓடிப்போய்த் திறந்தேன்.

ஞானராஜ் அண்ணன் நின்றார். தனியாக. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். குடைக் கம்பி முறிந்து தொங்கியது. கால் முழுவதும் சேறு, அட்டை கடித்த இடங்களில் ரத்தம். தலவாக்கலைக்கு அப்பால் பஸ் இல்லாமல், மண் விழுந்த இடங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

“ஷெரின் எங்க?”

“வீட்டுல, ஒங்க மதினியோட இருக்கா. காய்ச்சல் விட்ருச்சு. வாங்க தம்பி, நான் ஒங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“என் புள்ளையக் கொண்டாராம என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? நான் வரல. நீங்க போங்க.”

“கீழ எல்லாரும் சொல்றாங்க, இந்த மேடு நிக்காதாம். வாங்க.”

அப்போது எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது.

“ஒங்களுக்கு என்ன கொற அண்ணே? எல்லாம் இருக்கு. என் புள்ளையையும் எடுத்துக்கிட்டீங்க. அப்பான்னு கூப்பிடப் பழக்கிட்டீங்க. மேடையில ஏறி நின்னீங்க, நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப நல்லவரு மாதிரி என்னையும் காப்பாத்த வந்துட்டீங்க.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கூரைத் தண்ணீர் அவர் முதுகில் கொட்டியது. எழுந்துபோவார் என்று பார்த்தேன், போகவில்லை.

“நேத்து காய்ச்சல்ல அவ அப்பா அப்பான்னு கூப்பிட்டா தம்பி,” என்றார், தரையைப் பார்த்தபடி. “நான் கிட்டப் போயி என்னம்மான்னேன். கண்ணத் தொறந்து பாத்துட்டு, நீங்க இல்ல, எங்க அப்பான்னா. மூணு வருசமா காய்ச்ச வந்தா நான்தான் பக்கத்துல இருக்கேன். நீங்க இல்லன்னுட்டா.” அவருக்குக் குரல் உடைந்தது. “அவ கேட்டது ஒங்கள. ஒங்கள விட்டுட்டு நான் மட்டும் போயி அவ மொகத்தப் பாக்க ஏலாது. நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

சகோதர சகோதரிகளே, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மூன்று வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அதைச் சொன்னவருடைய முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் அப்படியே நின்றுபோனது. மழையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“எந்திரிங்கண்ணே,” என்றேன். “போவோம்.”

வேதப் புத்தகத்தையும் மார்த்தாவின் படத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். பையை அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் குறுக்குப் பாதையில் ஏறிக் கோயிலுக்குக் கிட்டப் போகும்போது அந்தச் சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுவது போல. காலுக்குக் கீழே நிலம் ஆடியது. அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். திரும்பிப் பார்த்தோம். எங்கள் லயத்தின் அந்தப் பக்க வீடுகள் இல்லை. என் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண். அதன் நடுவில் ஒரு தேயிலைச் செடி வேரோடு வந்து நேராக நின்றது.

கோயிலில் முத்தையா எங்களைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வரவில்லை என்று திரும்பக் கீழே இறங்கத் தயாராக இருந்திருக்கிறார். பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. பூசாரி எங்களுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார்.

நான் மண்டபத்தின் ஓரத்தில் முழங்கால் போட்டேன். முத்தையாவின் மனைவி தன் பாயை இழுத்து எனக்கு இடம் விட்டார். கண்ணை மூடினேன். அந்தக் கட்டில்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டில். அன்றைக்கு விடிகாலையில் நான் கேட்டபடி ஆண்டவர் செய்திருந்தால், காய்ச்சலில் வந்த பிள்ளையை அதில்தான் படுக்க வைத்திருப்பேன். அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, கதவையும் சாத்தியிருப்பேன். யார் வந்து கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன்.

நான் அடித்து அடித்துக் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. கொடுக்காமல் என் பிள்ளையைக் காத்தார். நான் யாரைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தேனோ, அவரையே அனுப்பி என்னைக் காத்தார். என் பக்கத்தில் அண்ணன் வந்து முழங்கால் போட்டார். அன்றுதான் முதல்முறையாக அவருக்காக ஜெபித்தேன். இரண்டு வார்த்தைதான். இவருக்கு நல்லது செய்யும் ஆண்டவரே. அதைச் சொல்லவே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

மழை விட்டுப் பாதை திறந்ததும் கொட்டகலைக்குப் போனோம். தலவாக்கலைவரை பாதி தூரம் நடைதான். வழியெல்லாம் அவர் ஷெரினைப் பற்றிச் சொன்னார். முட்டை மஞ்சள் சாப்பிடமாட்டாள். இடி இடித்தால் பாட்டுப் பாடுவாள். பேச்சுப்போட்டிக்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் குத்தியது. ஆனாலும், “இன்னும் சொல்லுங்கண்ணே,” என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஷெரின் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அப்பா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அவள் தலைக்கு மேலாகப் பார்த்தேன். அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று குடையை மடிக்கிற மாதிரி குனிந்திருந்தார். முறிந்த குடையில் மடிக்க என்ன இருக்கிறது? அப்படி ஒதுங்கி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“பெரியப்பாவையும் கூப்பிடு தங்கம்,” என்றேன். “அவருதான் என்னையக் கூட்டிட்டு வந்தாரு.”

இப்போது நான் கொட்டகலை பசாரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். மதினி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஷெரின் படிப்பது அங்கே, படுப்பது என்னோடு. இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் அங்கேதான். நான் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோவேன், மதினி சம்பல் அரைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் ஒன்றாக ஆராதனைக்குப் போகிறோம். மார்த்தா இல்லாத குறை இல்லாமல் இல்லை. ஆனால் பேச்சுச் சத்தம் உள்ள வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

பொறாமை முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி ஆகிவிடும். அவளும் அவரும் கணக்குப் போட்டுக்கொண்டு சிரிக்கும்போது இப்போதும் எனக்குள் ஒன்று சுருக்கென்று எழும். முன்பு அதை மாதக்கணக்காக வளர்ப்பேன். இப்போது அந்த இடத்திலேயே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன். கணக்கு எனக்குப் புரிவதில்லை. ஷெரின் எனக்கும் சொல்லிக் கொடுக்கிறாள்.

இதை வாசிக்கிற யாராவது தனியாக இருக்கலாம். மனைவியை, கணவனைப் பறிகொடுத்திருக்கலாம். பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஒரு கோப்பைத் தேத்தண்ணியைத் தனியாக ஊற்றிக் குடிக்கிறவராக இருக்கலாம். பக்கத்து வீட்டுச் சிரிப்பு உங்களுக்கும் வலிக்கலாம். வெட்கப்பட வேண்டாம். அந்த வலியை அப்படியே, கோபத்தோடு வந்தால் கோபத்தோடு, ஆண்டவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். அவர் உதவியை அனுப்புவார். ஆனால் ஒன்று, வந்து கதவைத் தட்டுகிறவர் உங்களுக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம். திறந்துவிடுங்கள்.